ஆவணியிலும் காற்று இருந்தது

திண்டுக்கல்லில் கடல் இல்லை என்பதை யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற தெரு எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் ஒரு பாய்மரப் படகுச் சங்கத்தின் பெண்கள் அமைப்பாளர் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு என் கணவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் அந்த நேரம் பார்த்துச் செல்போனை எடுத்துவிடுவார்.

சங்கம் ஊருக்குள் இல்லை. ஒட்டன்சத்திரம் தாண்டி, பழநி தாண்டி, பாலசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற ஓர் அணையில் நடக்கிறது. கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற தூத்துக்குடிக்காரர் ஒருவர், மனைவியின் ஊர் அந்தப் பக்கம் என்பதால் அங்கே வந்து குடியேறினார். வந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அணையைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், பழைய ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். என் கணவர் திண்டுக்கல்லில் கயிறும் பெயின்ட்டும் விற்கிற கடை வைத்திருக்கிறார். பாய்க்குக் கயிறு வாங்க வந்த மனிதர், கயிற்றோடு கடைக்காரரையும் இழுத்துக்கொண்டு போனார். அவர் பின்னால் அவருடைய சிநேகிதர்கள் போனார்கள். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிய வயது, எல்லோருக்கும் மீசை, எல்லோருக்கும் தொப்பை.

ஒருநாள் அவர்கள் படம் பேப்பரில் வந்தது. பார்த்த யாரோ ஒரு பெரிய மனிதர், "ஏன், உங்க சங்கத்துல பொம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். உடனே கூட்டம் போட்டார்கள். பெண்களை அதிகமாகச் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். யார் சேர்ப்பது என்று கேள்வி வந்தபோது என் கணவர் கை தூக்கி, "நம்ம வீட்ல டீச்சர் இருக்காங்க. பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடம்தான். கூப்பிட்டா கூட்டம் கூட்டமா வருவாங்க" என்று சொல்லிவிட்டார். நான் கணக்கு டீச்சர். எனக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறியதும் இல்லை, ஏறுகிற ஆசையும் இல்லை.

என் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. எதற்குப் பெண்கள் வேண்டும் என்று அடுத்த கூட்டத்துக்குப் போய் நேராகவே கேட்டேன். ஒருவர் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். இன்னொருவர் சமத்துவம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார். தூத்துக்குடிக்காரர் மட்டும் யோசித்துச் சொன்னார்: "எடை கம்மியா இருப்பாங்க டீச்சர். காத்து குறைவான நாள்ல படகு நல்லா ஓடும்." அன்று எனக்குப் புரிந்த ஒரே காரணம் அதுதான். சொன்னவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவரே பேச்சை மாற்றினார்.

சரி, ஒப்புக்கொண்டாயிற்று. பள்ளியில் நோட்டீஸ் ஒட்டினேன். கல்யாண வீடுகளில், ரேஷன் கடையில், கோயில் பிரகாரத்தில் பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தியும் வரவில்லை. "ஞாயித்துக்கெழம கறி யாரு எடுத்து யாரு ஆக்குறது? நீங்க வந்து ஆக்கித் தாரீகளா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். கொடைரோட்டில் இருந்து வரும் சக டீச்சர் ஒருத்தி ஒரே ஒருநாள் வந்தாள். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த கழிவறைக்குப் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்து, "கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லக்கா" என்றாள். அதோடு சரி. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நடத்துகிற சங்கம் அது. அங்கே ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெண்கள் ஏன் வருவதில்லை என்று மாதக்கணக்கில் கூட்டம் போட்டவர்களில் ஒருவருக்கும் அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அடுத்த வாரமே ஆசாரியைக் கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டு, வெளியே ஒரு பூட்டும் போட்டு, சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆண்கள் ஆளுக்கொரு புதருக்குப் போகட்டும்.

பிறகுதான் ஆடி மாதம் வந்தது.

பாய்மரப் படகுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் அணை நிறையும், ஆனால் காற்று இருக்காது. பாய் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரித் தொங்கும். காற்று வருவது ஆடியில்தான். மேற்கே இருந்து மலை இடுக்கு வழியாக வந்து தென்னை மட்டைகளை எல்லாம் ஒரே பக்கம் சீவிவிட்டுப் போகும். அணையில் பாதித் தண்ணீர்தான் கிடக்கும். ஆனாலும் படகு பறக்கும்.

அதே ஆடியில்தான் எங்கள் பக்கம் புதுப்பெண்களை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். கல்யாணமாகி வருகிற முதல் ஆடிக்கு மட்டும். தலை ஆடி என்போம். அந்த மாதம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருக்கக் கூடாது, இருந்தால் பிள்ளை சித்திரை வெயிலில் பிறக்கும் என்று கணக்கு. சீர் கொடுத்துப் பெண்ணை அழைத்து வந்துவிடுவார்கள். வந்த பெண்ணுக்கு அம்மா வீட்டில் ஒரு வேலையும் கிடையாது. சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், ஒளிந்து நின்று புருஷனோடு போன் பேச வேண்டும். மாமியார் வீட்டு அடுப்பு இல்லை, பிள்ளை குட்டி இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கறியை அம்மா பார்த்துக்கொள்வாள். அப்படிச் சலித்துப்போய் உட்கார்ந்திருந்த ஒருத்தி, எங்கள் தெருப் பெண், "டீச்சர், நான் வேணா செத்த நேரம் வந்து பாக்கட்டா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அவளுடைய சிநேகிதி ஒருத்தி வந்தாள், அவளும் தலை ஆடிக்காரி. அதற்கடுத்த வாரம் என் கணவரின் காரில் இடம் போதவில்லை.

நான் ஏதோ பெரிய கணக்கைப் போட்டு முடித்ததுபோல் நிமிர்ந்து நடந்தேன். காற்றும் பெண்களும் ஒரே மாதத்தில் வருவதை நான்தானே கண்டுபிடித்தேன்! ஆவணி பிறந்தது. காற்று இருந்தது, பெண்களைக் காணோம். மாமியார் வீட்டார் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். அடுத்த ஆடியில் வேறு புதுப்பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் திரும்பவும் முதலில் இருந்து முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. "போன வருஷம் கத்துக்கிட்ட புள்ளைங்க எங்க டீச்சர்?" என்று தூத்துக்குடிக்காரர் கேட்பார். "அவங்களுக்குத் தலை ஆடி முடிஞ்சு போச்சு சார். ரெண்டாவது ஆடிக்கு யாரும் பொண்ண அனுப்ப மாட்டாங்க" என்று ஒவ்வொரு வருடமும் நான் விளக்குவேன். அவருக்குக் கடைசிவரை அது பிடிபடவில்லை. இன்னொன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளின் கழுத்துப் பக்கம் எல்லாம் மஞ்சளாகக் கறை. "இது என்ன பூஞ்சையா? எத்தன சோப்புப் போட்டாலும் போகலையே" என்று தேய்த்துக்கொண்டே இருந்தார். புதுத் தாலிக்கயிற்று மஞ்சள் அது. சொன்னதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

இந்த வருடம் வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். ஒட்டன்சத்திரத்தில் கொடுத்தோம். காய்கறி மண்டி வைத்திருக்கிற குடும்பம், நல்ல மனிதர்கள். ஆடி பிறந்ததும் சீரோடு போய் மகளை அழைத்து வந்தோம்.

வந்த அன்றே என் கணவர் சொன்னார்: "என்ன அமைப்பாளரே, இந்த வாரம் நம்ம புள்ளையவும் கூட்டிட்டுப் போயிரலாம்ல?"

எனக்குச் சுருக்கென்றது. "அவளுக்கெதுக்கு? தண்ணி ஒத்துக்காது. கறுத்துப் போவா. சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க?" என்று மளமளவென்று அடுக்கினேன்.

"ஊர்ப் பொண்ணுகளை எல்லாம் அம்புட்டு வாய் வலிக்கக் கூப்பிட்ட, இப்ப என்னாச்சு?"

என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. மற்றவர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடும்போது படகு கவிழாது என்று நெஞ்சில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். என் பெண் என்றதும் அதே படகு கண்முன்னே கவிழ்ந்து கவிழ்ந்து விழுந்தது. மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் வாரேன்ப்பா" என்றாள்.

அணைக்குப் போகிற வழி ஒட்டன்சத்திரம் வழிதான். அதாவது எங்கள் வீட்டைவிட மகளின் மாமியார் வீடுதான் அணைக்குப் பக்கம். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் அவள் வாழப்போன ஊரைத் தாண்டித்தான் கார் போகும். பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடை. மாப்பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் தற்செயலாக அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார். என் கணவரும் தற்செயலாக அங்கே காரை மெதுவாக ஓட்டுவார். சேர்ந்து இருக்கத்தான் கூடாது, பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் சின்ன வயதில் இருந்தே குரல் எழாத பிள்ளை. பஸ்ஸில் சில்லறை பாக்கியைக் கேட்க மாட்டாள். சட்னிக்கு உப்புப் போட்டுவிட்டு, "போதுமாம்மா?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதுகூட "உங்களுக்குச் சரின்னா சரி" என்றவள். அந்தப் பிள்ளை இரண்டாவது வாரமே சுக்கானைப் பிடித்துக்கொண்டு, முன்னால் உட்கார்ந்திருந்த வடமதுரைப் புதுப்பெண்ணைப் பார்த்து, "இழு! இழு! விட்ராத! இப்பக் குனி!" என்று கத்தியது கரை வரைக்கும் கேட்டது. நான் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டேன். வேறு யாருடைய மகளோ என்று ஒரு கணம் நினைத்தேன். படகு ஒரு பக்கம் சாய்ந்து, பாய் விம்மி, அவள் மறுபக்கம் உடம்பைச் சாய்த்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன. கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது. அது எதற்கு வந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

"இந்தப் புள்ள விடாம வந்துச்சுன்னா, தை மாசம் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். கடல்ல ஓட்டும்" என்றார் தூத்துக்குடிக்காரர். விடாமல் வந்தால்.

ஆடிப் பதினெட்டு அன்று அணைக்கரையில் கால் வைக்க இடமில்லை. பெண்கள் கும்பல் கும்பலாக வந்து தண்ணீருக்குப் படைத்து, தாலிக்கயிறு மாற்றி, கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். மகளுக்குப் புதுக்கயிறு கட்டிவிட்டு, எலுமிச்சைச் சோறு கொடுத்து, தலையைத் தடவிக்கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் அவள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகேறினாள். நான் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில், கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"ஏனுங்க சம்பந்தி, படகு ஏன் அப்படிச் சாயுது?"

"சாயத்தான் செய்யும்ங்க. சாஞ்சாத்தான் போகும்" என்றேன், என்னவோ நானே ஓட்டுகிறவள்போல.

கரையில் இருந்த பெண்கள் கையைத் தட்டினார்கள். சம்பந்தியம்மா தட்டவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நல்லாத்தான் ஓட்டுது" என்றார். அந்த 'தான்' எந்தப் பக்கம் சாய்ந்தது என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.

அன்று மாலை தலை பின்னிவிடும்போது மகள் கேட்டாள். "அம்மா, ஆடி முடிஞ்சாலும் எனக்கு இது வேணும்மா. ஞாயித்துக்கெழம மட்டும். அங்க இருந்து பக்கம்தான."

"மாப்பிள்ளகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அவருக்குச் சரிதான். அத்தகிட்ட கேக்க அவருக்குப் பயம். நான் கேட்டா, வந்து ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சிட்டான்னு ஆயிரும். நீ கேளும்மா. நீதான எல்லாருகிட்டயும் பேசுவ."

என்னிடம் அவள் எதையும் கேட்டு வாங்கியதில்லை. தீபாவளித் துணிக்குக்கூட நிறம் சொன்னதில்லை. இது ஒன்றைக் கேட்டாள். கேட்கிறேன் என்று சொன்னேன். எத்தனையோ கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துப் பெண்களைப் படகோட்ட வாருங்கள் என்று பேசியவள் நான். ஒரே ஒரு சம்பந்தியம்மாவிடம் பேசுவதற்குக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் மகளை அழைக்க வந்தார்கள். வாழை இலை போட்டு, வடை பாயசத்தோடு விருந்து. பாயசம் ஊற்றும்போது கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "சம்பந்தி... அந்தப் படகு... புள்ளைக்கு ரொம்ப இஷ்டமாயிருச்சு... நீங்க தப்பா நினைக்கக் கூடாது... வேலையெல்லாம் முடிச்சிட்டுத்தான்..." என்று உளறினேன். ஞாயிற்றுக்கிழமை என்கிற வார்த்தை வாயில் வரவே இல்லை.

சம்பந்தியம்மா சிரித்தார். நல்ல சிரிப்பு. "அட, அதுக்கென்னங்க சம்பந்தி, இம்புட்டுத் தயங்குறீங்க? புள்ள ஆசப்படுது. ஆடிக்கு ஆடி போய்ட்டு வரட்டுமுங்க. நானே சந்தோசமா அனுப்பி வைக்கிறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மறுக்க மறுக்க இன்னும் இரண்டு கரண்டி பாயசம் ஊற்றினேன். என் கணவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மாப்பிள்ளை நிம்மதியாக இலையை மடித்தார். மகள் மட்டும் நிமிரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

கார் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் குனிந்து, "பாத்தியா, உங்க அத்த எம்புட்டு நல்லவங்கன்னு" என்றேன் மெதுவாக. மகள் என்னைப் பார்த்தாள்.

"அடுத்த ஆடிக்கு நான் புதுப்பொண்ணு இல்லம்மா" என்றாள்.

கார் போய்விட்டது. நான் வாசலிலேயே நின்றேன். ரெண்டாவது ஆடிக்கு யாரும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள் என்று வருடா வருடம் அந்தத் தூத்துக்குடிக்காரருக்குப் பாடம் எடுத்தவள் நான். என் மகள் விஷயத்தில் அந்தப் பாடம் எனக்கு மறந்துபோயிற்று. ஒருத்தர் அன்பாகச் சிரித்துச் சொன்னதும், பாயசத்தை ஊற்றிவிட்டு நின்றேன்.

அதன் பிறகு ஒரே குழப்பம்தான். சம்பந்தியம்மா தெரிந்தேதான் அப்படிச் சொன்னாரா? முடியாது என்பதை மனம் நோகாமல் சொல்லுகிற வழியா அது? அல்லது வழக்கத்தை மாற்றி வருடா வருடம் அனுப்புவதாகவே நினைத்துச் சொன்னாரா? அல்லது யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொன்னாரா? போன் செய்து கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்பதுதான் பயம். ராத்திரியும் பகலும் என் கணவரைப் போட்டுப் பிடுங்கினேன். "உனக்கு என்ன வேணும்னு முதல்ல நீ முடிவு பண்ணு" என்று அவர் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

முதல் ஞாயிறு அணைக்குப் போனோம். டீக்கடையில் மாப்பிள்ளை இல்லை. அவருக்கு இனி என்ன வேலை அங்கே? அவர்கள் வீட்டுக்குத் திரும்புகிற ரோட்டை நான் பார்த்துக்கொண்டே போனேன். வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. அணையில் நல்ல காற்று. மீசைக்காரர்கள் உற்சாகமாகப் படகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் போட்ட லைஃப் ஜாக்கெட்டுகளை எல்லாம் தூத்துக்குடிக்காரர் அலசி, வரிசையாக ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அடுத்த ஆடிக்கு எடுத்தால் போதும் என்று. கடைசி ஆணியில் இருந்ததில் கறை புதிதாக, பளிச்சென்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. சம்பந்தியம்மா மேல் இல்லை. என் மேலும் முழுசாக இல்லை. அத்தனை ஆணி அடித்து வைத்திருந்த அந்தச் சுவரின் மேல் வந்தது.

அடுத்த ஞாயிறு, பைபாஸ் வந்ததும், "வண்டிய உள்ள திருப்புங்க" என்றேன்.

"எதுக்கு?"

"திருப்புங்கன்னா திருப்புங்க."

சம்பந்தியம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரைக்கட்டோடு எழுந்து, "வாங்க வாங்க, என்னங்க சொல்லாமக் கொள்ளாம?" என்று பதறிப்போனார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காப்பி வரும், காப்பி வந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

"புள்ளைய அணைக்குக் கூட்டிட்டுப் போக வந்தேங்க சம்பந்தி."

அவர் புரியாமல் பார்த்தார். "ஆடி முடிஞ்சு போச்சுங்களே?"

"ஆடிதாங்க முடிஞ்சுச்சு. காத்து முடியல. ஆவணியிலும் அடிக்குது, புரட்டாசியிலும் அடிக்குமாம்."

"நான் ஆடிக்கு ஆடி அனுப்பறேன்னுதானுங்களே சொன்னேன்..."

"அடுத்த ஆடிக்கு அவ புதுப்பொண்ணு இல்லீங்க. நம்ம பக்கம் யாரும் ரெண்டாவது ஆடிக்கு அனுப்புறதில்ல. நானும் அனுப்ப மாட்டேன், நீங்களும் அனுப்ப மாட்டீங்க. அதான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கேக்குறேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "அன்னைக்கே இப்படிக் கேட்டிருக்கணும். எனக்குச் சரியாக் கேக்கத் தெரியல."

சம்பந்தியம்மாவின் கை கீரைக்கட்டின் மேல் அப்படியே நின்றது. "அட, ஆமாங்கல்ல" என்றார். அவர் முகத்தில் இருந்தது அப்போதுதான் உறைத்த திகைப்பா, பிடிபட்டுவிட்ட திகைப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கணவர் காருக்குள் இருந்து இறங்கவே இல்லை. உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது.

பிறகு சம்பந்தியம்மா உள்ளே பார்த்து, "கண்ணு, உங்கம்மா வந்திருக்காங்க" என்றார். என் பக்கம் திரும்பாமல், "மத்தியானச் சோத்துக்கு நான் பாத்துக்கறேன். விளக்கு வைக்கறதுக்குள்ள வந்திரணுமுங்க" என்றார்.

மகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் தோளில், ஆடியில் அணைக்குக் கொண்டுபோன பழைய பை இருந்தது. ஷூ, மாற்றுத்துணி எல்லாம் உள்ளே இருந்தன. அதை எப்போது எடுத்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. போன ஞாயிறும் எடுத்து வைத்திருந்தாளோ என்கிற நினைப்பு மட்டும் வந்தது.

அணையில் எல்லோரும் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஆவணி மாதத்தில் அங்கே ஒரு பெண் படகேற வந்து யாரும் பார்த்ததில்லை. நான் கைப்பையில் துழாவிச் சாவியை எடுத்துக் கழிவறைப் பூட்டைத் திறந்துவிட்டேன். தூத்துக்குடிக்காரர் கடைசி ஆணியில் இருந்த ஜாக்கெட்டை எடுத்து மகளிடம் கொடுத்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பேர் ஓட்டுற படகுல்ல டீச்சர். முன்னால உக்கார ஆள் வேணுமே. மத்த புள்ளைங்க யாரும் இல்லையே."

மீசைக்காரர்களில் ஒருவர் தொப்பையை எக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் கூப்பிடுகிற ஆள்தானே, ஏறுகிற ஆள் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் திறந்திருக்கும்போதே தூத்துக்குடிக்காரர் இன்னொரு ஜாக்கெட்டை என் தலை வழியாக மாட்டிவிட்டார். எடையைப் பற்றி அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.

எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. கால் வைத்த இடமெல்லாம் நகர்ந்தது. கரை சட்டென்று தள்ளிப் போய்விட்டது. கையில் ஒரு கயிறு, மடியில் ஒரு கயிறு, எது எதற்கு என்று தெரியவில்லை. காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்றும் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் இருந்து வந்தது. "அம்மா, குனி!" என்று மகள் கத்தினாள். பாயின் அடிக்கட்டை என் தலைக்கு மேலே விர்ரென்று போயிற்று. படகு திரும்பி, மறுபக்கம் சாய்ந்து, வேகமெடுத்தது. கண்ணைத் திறந்தபோது அவள் முகம் தெரிந்தது. சிரிக்கவில்லை. பயந்துபோய், ஆனால் சுக்கானை விடாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரமும் வந்து கேப்பியாம்மா?"

அடுத்த வாரமும் சம்பந்தியம்மா வாசலில் நிற்பார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அதற்கடுத்த வாரமும் தெரியாது.

"கேக்குறேன்" என்றேன். "இப்ப எந்தக் கயித்த இழுக்கணும்னு சொல்லு."